பூச்சி கடித்துவிட்டது என்று சொன்னேன்

வைகாசியில் அண்ணன் மகள் கல்யாணம். திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டி, மண்டபத்தில் பந்தி. ஆல்பம் போன வாரம்தான் வந்தது, எந்தப் படத்தைத் திருப்பினாலும் என் இடது கண் மட்டும் பாதி இறக்கின கடை ஷட்டர் மாதிரி நிற்கிறது. கேட்டவர்களிடமெல்லாம் பூச்சி கடித்துவிட்டது என்றேன். பூச்சி இல்லை, முகச் சுருக்கத்துக்குப் போடுகிற போடாக்ஸ் ஊசி.

ஆமாம், நான்தான். 47 வயது, ரெண்டு பிள்ளைகள், ஸ்கூட்டியில் ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு போகிறவள். சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள்.

புருவம் எடுக்கப் போகிற பார்லரில்தான் ஆரம்பித்தது. "கண் ஓரத்துல ஒரு ஊசி போட்டா பத்து வயசு குறைஞ்சிரும்க்கா, மாசத்துல ஒருநாள் ஆள் வர்றாங்க." வீட்டில் தெற்குமாசி வீதிக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஊசியில் மருந்து ஏற்கெனவே ஏற்றித் தயாராக இருந்தது. பாட்டிலைக் காட்டச் சொல்லவில்லை, எத்தனை யூனிட் என்று கேட்கவில்லை, வந்தவர் டாக்டர்தானா என்றுகூடக் கேட்கவில்லை. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் நான்! கண் ஓரத்தில் பக்கத்துக்கு மூன்று குத்து, "புருவ நடுவுக்கும் சேர்த்தே போட்டுரலாம்க்கா" என்று அங்கேயும் சில குத்து. முடித்த கையோடு அந்தப் பெண் பாசமாக நெற்றியை நீவியும் விட்டாள். அந்த இடத்தை அன்றைக்குத் தேய்க்கவே கூடாதாம், தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவலாம், இமையைத் தூக்கும் தசைக்குப் போய்விட்டால் இமை விழும். நாலாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்தேன், விழுந்திருந்தது.

பந்தியில் செல்லூர் அயித்தை என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தது. "இது பூச்சி கடிச்ச கண்ணு இல்லடி. எனக்கும் ஒருவாட்டி இப்படித்தான் விழுந்துச்சு. எங்க போய்ப் போட்ட?"

அயித்தைக்கு 71 வயது. சில வருஷங்களுக்கு முன்னால் ரெண்டு இமையும் தானாக இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்தது, பார்வையில் ஒரு கோளாறும் இல்லை, கண்ணைத் திறக்கத்தான் முடியாது. ரோட்டைக் கடக்கும்போது விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும். மந்திரித்தார்கள், சாமி குத்தம் என்றார்கள். கடைசியில் கண் ஆஸ்பத்திரியில், கண்ணைச் சுற்றி இதே மருந்தை மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். தேதி காலண்டரில் வட்டம் போட்டிருக்கும், பேரன் பைக்கில் கூட்டிப் போவான், ஊசி போட்டுத் திரும்பினால் மருமகள் காபி போட்டுத் தருவாள். ஒருத்தரும் சிரித்ததில்லை.

எனக்கும் அதே மருந்துதான், இதை மனசுக்குள் இன்னமும் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். சொல்லப்போனால் அயித்தைக்கு வந்த மாதிரி கண் வியாதிகளுக்குத்தான் இது முதலில் வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் மாறுகண்ணுக்காக இதைத் தேடிப் பிடித்தார், 1989ல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. கனடாவில் ஜீன் கர்ருதர்ஸ் என்ற கண் டாக்டரிடம் இமை இறுக்கத்துக்கு ஊசி போட வந்த ஒரு அம்மா, புருவ நடுவில் போட்டால் முகமே தெளிந்துவிடுகிறது என்று சொல்லப்போய்த்தான், அவரும் தோல் டாக்டரான அவர் கணவரும் சேர்ந்து அதைச் சுருக்கத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2002ல் புருவ நடுவுக்கு அனுமதி, கண் ஓரத்துக்கு 2013ல்தான்.

அப்போ நான் ஏன் ஒளித்தேன்? தெரிந்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "பேரன் எடுக்கிற வயசுல எதுக்கு இந்த வேலை." சொல்கிறவர் தலைக்கு மட்டுமில்லை, மீசைக்கும் டை அடித்திருப்பார். வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித்தான் இந்தக் கோடுகளே ஆழமாகின்றன என்று நான் கூலிங் கிளாஸ் போட்டு பைபாஸ் ரோட்டில் வண்டி ஓட்டினால் அதற்கும் தெருவில் ஒரு பேர் வைப்பீர்கள். கேலிக்குப் பயந்துதான் பொம்பளைகள் தெரிந்த டாக்டரிடம் போகாமல் பார்லர் மாடிப்படி ஏறிப் போகிறோம். கண் கோணிப்போனாலும் சண்டைக்குப் போக முடியாது, போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த பார்லருக்கும் அது நன்றாகத் தெரியும். 1976ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர் எங்கள் மதுரை, எங்கெங்கிருந்தோ கண்ணைக் காட்ட இங்கே வருகிறார்கள், இங்கேயே பிறந்தவள் நான் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி குத்த ஃபேசியல் நாற்காலியில் போய்ப் படுத்தேன்.

இது ஃபேசியல் இல்லை. கெட்டுப்போன உணவில் நஞ்சு சேர்க்கும் ஒரு கிருமியிடமிருந்து எடுப்பது, அளவு ரொம்ப ரொம்பக் குறைத்து, நரம்பு தசைக்கு அனுப்பும் தகவலை நிறுத்துவதற்காக. கண் ஓரத்துக்கு வழக்கமான அளவு ரெண்டு பக்கமும் சேர்த்து 24 யூனிட். குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், தசை பலவீன வியாதி உள்ளவர்களுக்கு வேண்டாம் என்பார்கள். விழுந்த இமையைத் தூக்க மாற்று ஊசியும் கிடையாது. கல்யாணம் முடிந்து ஒருவழியாகப் போய்க் காட்டினேன், டாக்டர் திட்டவில்லை, ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து பொறுத்திருக்கச் சொன்னார். ஐந்து வாரம் ஆனது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. கண்ணும் சேர்ந்து சுருங்கினால்தான் அது நிஜச் சிரிப்பு என்று டூஷேன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1862லேயே எழுதிவைத்திருக்கிறார். இந்த ஊசி கட்டிப்போடுவது அந்தத் தசையைத்தான். ஆல்பத்தில் என் வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அண்ணன் மகளைக் கட்டிப்பிடித்திருக்கிற படத்தில் அதுவும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் எனக்கு ஆசை போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். புரட்டாசியில் அயித்தைக்கு அடுத்த ஊசி, நானும் கூடப் போகிறேன். அதே வாரம் ஒரு தோல் டாக்டரிடம் எனக்கும் நேரம் கேட்டிருக்கிறேன், போடலாமா வேண்டாமா என்று பேசிப் பார்ப்பதற்கு. வீட்டுக்காரரிடம் நேற்று ராத்திரி சொன்னேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே "எவ்வளவு ஆகும்?" என்றார்.