நாற்காலியின் ஆட்டம் நிற்கட்டும், பெயிண்ட் அப்புறம்

பழைய மரச்சாமானைப் புதுப்பிக்கிறோம் என்று வரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. ஒரு அலமாரி, ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட், நாலு புதுக் கைப்பிடி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அலமாரியின் கால் ஆடுகிறதா, இழுப்பறையின் அடிப்பலகை தொங்குகிறதா, பின்பக்கம் உளு (மரம் துளைக்கும் வண்டு அரித்த தூள்) கொட்டுகிறதா என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. ஆடுகிற நாற்காலிக்கு மூன்று கோட் பெயிண்ட் அடித்தாலும் ஆட்டம் நிற்காது. ஒருநாள் கழுந்து (காலின் துளைக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனை) முறியும், நாற்காலி குப்பைக்குப் போகும். அடித்த பெயிண்டும் கூடவே போகும். சுற்றுச்சூழலுக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்றால் முதலில் இணைப்பு, அடுத்து பூச்சி, அதன்பின் மேல்பூச்சு. நிறம் கடைசி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். 30 கிலோ எடையுள்ள மேசையில் ஈரப்பதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 13 கிலோ கார்பனாவது இருக்கும். கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் சுமார் 50 கிலோ. மேசை மேசையாக இருக்கும்வரை அது மரத்துக்குள்ளேயே இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018-ல் மட்டும் அந்த நாட்டில் கழித்துப் போட்ட மரச்சாமான்களும் வீட்டுச் சாமான்களும் 1 கோடியே 21 லட்சம் டன். அதில் 80 சதவீதம் குப்பைக் கிடங்கில் புதைந்தது.

வேலையில் இறங்கும் முன் சாமானைக் கவிழ்த்துப் போட்டு, எதனால் செய்தது என்று பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் ரேகை பலகையின் வெட்டுமுனையிலும் தொடர்ந்தால் அது முழு மரம். முனையில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்துகளை அழுத்தி ஒட்டியதுபோல் இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. அட்டை மாதிரி ஒரே சீராக இருந்தால் எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. முழு மரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். பார்ட்டிகிள் போர்டில் அது நடக்காது. ஒருமுறை பிடிவிட்ட ஸ்க்ரூ அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது. அந்த ஓட்டையை 8 மி.மீ.க்குப் பெரிதாக்கி, பசை தடவிய மரக்குச்சியை இறக்கி, ஒருநாள் காயவிட்டு, அதன் நடுவில் புதிதாகத் துளை போட வேண்டும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை முதலில் போடாவிட்டால் குச்சியே பிளந்துவிடும்.

இப்போது ஆடும் நாற்காலிக்கு வருவோம். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும். ரேகையின் நீளவாக்கில் அனேகமாக அசையாது. நாற்காலிக் காலில் துளையும் அதற்குள் போகும் கழுந்தும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கின்றன. ஈரக் காலத்தில் கழுந்து உப்பி, துளையின் சுவரில் நசுங்குகிறது. வறட்சி வந்ததும் நசுங்கிய அளவுக்குக் கூடுதலாகச் சுருங்குகிறது. வருஷக்கணக்கில் இது நடந்து பசை விடுகிறது.

இதற்கு ஆணி அடிப்பது மகா தவறு. ஆணி கழுந்தைப் பிளக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கருப்பாக்கும். பிற்பாடு திறக்க வரும் ஆள் மரத்தை உடைத்துத்தான் திறக்க முடியும். இடுக்கில் பசையைச் சொட்டுவதும் வீண்தான், ஏனென்றால் காய்ந்த வெள்ளை மரப்பசையின் மேல் புது வெள்ளைப் பசை பிடிப்பதில்லை. கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றும் முன் ஒவ்வொரு துண்டிலும் டேப் ஒட்டி அடையாளம் எழுதுங்கள்: முன் இடது, பின் வலது என்று. ஒரே மாதிரி தெரியும் இரண்டு குறுக்குச்சட்டங்களும் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்காது. கொட்டாப்புளியும் (மரச்சுத்தியல்) ஒரு மரத்துண்டும் வைத்து இணைப்புக்குப் பக்கத்திலேயே தட்டுங்கள். தூரத்தில் தட்டினால் சட்டம் வளைந்து முறியும். ஆடினாலும் கழன்று வராத இணைப்பில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைக்கலாம். பழைய வஜ்ஜிரம் (தோல், எலும்பு காய்ச்சிய பசை) வெந்நீருக்கே இளகும். வெள்ளைப் பசைக்கு வெதுவெதுப்பான வினிகர் வேண்டும். இறுகிப் பிடித்திருக்கும் இணைப்பை வம்படியாகப் பிரிக்க வேண்டாம், அது நன்றாகவே இருக்கிறது.

பிரித்தபின், கழுந்திலும் துளைக்குள்ளும் பழைய பசை ஒரு பொட்டுகூட இல்லாமல் உளியால் சுரண்டி, வெறும் மரம் தெரியவேண்டும். இதில் அவசரப்பட்டவர்களின் நாற்காலிதான் அடுத்த வருஷம் மறுபடி ஆடுகிறது. பிறகு பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் இறங்கவேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது. லொடலொடவென்று இருந்தால் இழைப்புளியில் சீவிய நீளமான மரச்சுருளைக் கழுந்தின் கன்னங்களில் ஒட்டி, காய்ந்ததும் தேய்த்துச் சரிசெய்யுங்கள். மரப்பசை இடைவெளியை நிரப்பாது. நிரப்பியது போலத் தெரியும், பலம் இருக்காது. இடைவெளியை நிரப்பியே ஆகவேண்டும் என்றால் இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி உண்டு. ஆனால் அதை ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு.

பசையைத் துளைக்குள்ளும் கழுந்திலும் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். கிளாம்ப் இல்லாதவர்கள் நான்கு கால்களையும் சுற்றி இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கினாலே போதும். காலில் தழும்பு விழாமல் அட்டையோ துணியோ வையுங்கள். உடனே இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். இருக்கைச் சட்டத்தின் மூலைக்கு மூலை அளவு: முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருந்தாலும் இரண்டு குறுக்களவும் சமமாக வரவேண்டும். அடுத்து, சமதளமான தரையில் நான்கு காலும் உட்காரவேண்டும். பசை பச்சையாக இருக்கும்போது முறுக்கித் திருத்திவிடலாம், காய்ந்தபின் காலை அறுக்க வேண்டியதுதான். வழிந்த பசையை ஈரத்துணியால் துடையுங்கள். விட்டால் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் திட்டாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் கயிற்றை அவிழ்க்கலாம், 24 மணி நேரத்துக்கு யாரும் உட்காரக்கூடாது.

உளு விஷயத்தில் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 1 முதல் 2 மி.மீ. ஓட்டைகள் வண்டு வெளியேறிய வழி. எப்போதோ வெளியேறியதாகவும் இருக்கலாம். அடியில் கருப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். மாவு போன்ற புதுத்தூள் விழுந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது. 900 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் டைசோடியம் ஆக்டாபோரேட் (பூச்சியைக் கொல்லும் போரான் உப்பு) கரைத்து, பூச்சு நீக்கிய மரத்தில் இரண்டு கோட் அடிக்கலாம். வார்னிஷ் மேல் அடித்தால் உள்ளே போகாது. பலர் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான்.

பழைய பூச்சு என்ன என்பதையும் சோதித்துவிடுங்கள். மறைவான இடத்தில் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்டவே வேண்டாம், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கீறல்களைக் கலைத்து அதன் மேலேயே புது அரக்குப் பாலிஷ் ஏற்றலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன்.

பெயிண்ட் அடித்த பழைய சாமானில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவே 1978-ல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்தது. பல நாடுகள் அதற்கும் வெகுகாலம் பின்னால். ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொட்டிலையும் குழந்தைக் கட்டிலையும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவதைப் பார்த்தால் வயிறு பதறுகிறது. நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். டைகுளோரோமீத்தேன் கலந்த பெயிண்ட் நீக்கியை மூடிய அறையில் பயன்படுத்தி உயிர்விட்டவர்கள் உண்டு. வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

உப்புத்தாள் எண் 80, 120, 180, 220 என்ற வரிசையில், ரேகையோடு மட்டும். நடுவில் ஒரு தாளைத் தாண்டிக் குதித்தால் முதல் தாளின் கீறல், சாயம் ஏற்றியதும் கோடு கோடாக எழும். வெனீர் (மெல்லிசாகச் சீவிய மரத்தகடு) ஒட்டிய பலகையில் மெஷின் வைக்காதீர்கள். இப்போதைய வெனீர் பெரும்பாலும் 1 மி.மீ.கூட இருக்காது, கண் இமைப்பதற்குள் அடியிலுள்ள பலகை வெளியே தெரியும்.

தேக்கு, மஹாகனி மேல் தண்ணீர்ப் பெயிண்டில் வெள்ளை அடித்தால் சில நாளில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். இன்னும் இரண்டு கோட் அடித்தாலும் ஏறும். அரக்கு அடிப்படையிலான பிரைமர் ஒரு கோட் போட்டால்தான் அடங்கும். தொட்டால் ஒட்டாத பெயிண்ட் காய்ந்த பெயிண்ட் அல்ல. முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் பூச்சாடி வைத்தால் வட்டம் விழும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது வரும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிட்டு மூடிபோட்ட தகர டப்பாவில் வையுங்கள்.

நல்ல கட்டிலை அறுத்து பெஞ்சாக்குவது, நல்ல கதவைக் காபி மேசையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அறுத்த மரம் மறுபடி நீளாது. மேசை மேசையாகவே உழைக்கட்டும். ஒரு துண்டு முறிந்து, ஈடு கிடைக்காத நிலையில்தான் வேறொன்றாக மாற்றுவது நியாயம். சரக்குப் பெட்டிப்பலகைகளை எடுப்பவர்கள் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

புத்தக அலமாரித் தட்டு தொய்ந்திருந்தால் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள். தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகும். பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால்கூட எட்டில் ஒரு பங்குதான். அதனால் புதுப்பலகை வாங்கி ஒட்டுவதைவிட, கிடக்கும் ஒரு துண்டை நிமிர்த்தி நிறுத்துவது மேல்.

தண்ணீரில் உப்பிய பார்ட்டிகிள் போர்டு திரும்பாது. அதைக் காப்பாற்ற முயலாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள். பசையிலிருந்து நச்சுப்புகை வரும். கீல், பூட்டு, ஸ்க்ரூ, சறுக்கு எல்லாவற்றையும் கழற்றி, அளவு எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு பலகையை மட்டும் குப்பைக்கு அனுப்புங்கள். பழைய கீலுக்குப் பொருந்தும் ஸ்க்ரூவைத் தேடும்போது அந்த டப்பாவைத்தான் முதலில் திறப்பீர்கள்.