திருத்தத்துக்கு விலை வைக்காத ஒப்பந்தங்கள்

ஒரு படத்தின் வெற்றி விழாவில் “எங்க விஎஃப்எக்ஸ் பசங்க ரெண்டு மாசம் வீட்டுக்கே போகல” என்று இயக்குநர் மேடையில் நெகிழ்ந்து சொல்வதும், அதற்கு அரங்கம் கைதட்டுவதும் வழக்கமாகிவிட்டன. சென்னையின் விஎஃப்எக்ஸ் (கணினியில் உருவாக்கும் காட்சி விளைவுகள்) ஸ்டூடியோக்களில் சில ஆண்டுகள் கம்பாசிட்டிங், அதாவது தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் வேலை, செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தக் கைதட்டல் எனக்கு வலிக்கிறது. அந்த இரவுகளில் பெரும்பாலானவை கலை ஆர்வத்தால் வந்தவை அல்ல. அவற்றுக்கான காரணம் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது.

ஷாட்டுக்கு இவ்வளவு என்றோ, படத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்றோ தயாரிப்பாளரும் ஸ்டூடியோவும் தொகையை முதலிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ரிலீஸ் என்று அறிவித்துவிட்டால் தேதியும் நகராது. எல்லை இல்லாதவை திருத்தங்கள் மட்டுமே.

ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். பத்து நொடி ஷாட் என்றால் 240. பின்னணியை மாற்றுவதற்காக நாயகியின் உருவத்தைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் பறக்கும் முடிக்கற்றைகளையும், ஒவ்வொரு அசைவிலும் வடிவம் மாறும் துப்பட்டாவின் விளிம்பையும் ரோட்டோ கலைஞர் (உருவத்தின் எல்லையை வரைந்து பிரிப்பவர்) ஃபிரேம் ஃபிரேமாகச் சரிபார்த்து வரைகிறார். எல்லாம் முடிந்த பிறகு எடிட்டிங் அறையில் “இந்த டேக் வேண்டாம், அடுத்ததைப் போடுவோம்” என்று ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அந்த முடிவை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதற்காக யாரும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கப்போவதுமில்லை. ஆனால் வரைந்தவை மொத்தமும் வீணாகி, அதே டெலிவரி தேதிக்குள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த இழப்பை ஸ்டூடியோ தாங்க முடியாதபோது, அது அப்படியே கலைஞரின் இரவாக மாறுகிறது.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம், மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூடக் கிளை வைத்திருந்தது. 2013 பிப்ரவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே மாதம் அந்தப் படம் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை வென்றது. விருதைப் பெற்ற பில் வெஸ்டன்ஹோஃபர் நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இசையை ஒலிக்கவிட்டு அவருடைய ஒலிவாங்கியை அணைத்தார்கள். அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். திருத்தங்கள் பெருகினாலும் படம் தள்ளிப்போனாலும் தொகை மாறாத ஒப்பந்த முறை அப்போது பெரிதாக விவாதிக்கப்பட்டது. ஆனாலும் பத்து ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில்தான் மார்வெல் நிறுவனத்தின் நேரடி விஎஃப்எக்ஸ் பணியாளர்கள் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள்.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், மிகை நேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் என்று வகுத்துவிட்டது. நான் வேலை பார்த்த எந்த ஸ்டூடியோவிலும் அதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. இரவுச் சாப்பாடும் வீடு திரும்ப ஒரு காரும் கிடைத்தால் அதுவே பெரிய சலுகையாகப் பார்க்கப்பட்டது.

ஒரு ஷாட் சரியாக அமைய வேண்டும் என்று தானாக விரும்பி விழித்திருக்கும் இரவும் இந்தத் தொழிலில் உண்டு; அதை நான் மதிக்கிறேன். அதைக் காட்டி மற்ற இரவுகளை நியாயப்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஒப்பந்தத்திலேயே இரண்டு சுற்றுத் திருத்தங்களுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனித்தொகை என்று எழுத வேண்டும். எடிட் லாக் ஆன (படத்தொகுப்பு இறுதியான) பிறகு டேக்கை மாற்றினால் செலவோடு நாட்களும் கூட்டித் தரப்பட வேண்டும். வரும் மிகைத் தொகையில் ஒரு பகுதி, அந்த ஷாட்டில் உட்கார்ந்தவரின் சம்பளச் சீட்டில் தெரிய வேண்டும். இதனால் பட்ஜெட் ஏறும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். ஏறும்தான், அப்போதுதான் டேக்கை மாற்றுவதற்கு முன்பு எடிட்டிங் அறையில் ஒருவராவது “இதற்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்பார்.