அடிமை என்று எழுதியது யார்?

பழங்காலத்தில் சீனாவுக்கு வடக்கே புல்வெளிகளில் வாழ்ந்த சியோங்நு என்ற நாடோடி மக்களைப் பற்றிய ஒரு காணொளியின் கீழே நடக்கும் சண்டையில் தலையிடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் "சியோங்நுன்னா மூர்க்க அடிமைன்னு அர்த்தம், பேரே சொல்லுதே அவங்க யாருன்னு" என்ற பின்னூட்டத்துக்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அது அவர்கள் தங்களுக்கு எழுதிக்கொண்ட பெயர் இல்லை. எதிரி எழுதியது. காதில் விழுந்த ஓசைக்குச் சீனர்கள் இரண்டு எழுத்துகளைப் பொறுக்கினார்கள், அதில் இரண்டாவதற்கு அடிமை என்று பொருள். அப்படி எழுதிய சீனர்களின் ஹான் பேரரசர் காவோசூ கி.மு. 200-ல் பைதெங் குன்றில் இந்த 'அடிமை'களின் முற்றுகையில் ஏழு நாள் சிக்கிக்கிடந்தார். அப்புறம் வருடா வருடம் பட்டும் தானியமும் போயின, மணமுடிக்க இளவரசியும் போனாள். அடிமைக்கு யாராவது கப்பம் கட்டுவார்களா?

கி.பி. 9-ல் சீன அரியணை ஏறிய வாங் மாங்குக்கு அந்த வசையும் போதவில்லை. 'பணிந்த அடிமை' என்று பெயரையே மாற்றி எழுத வைத்தார். எழுத்து எழுதியவன் மனதைத்தான் காட்டுகிறது என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

"வரலாற்று நூலில் இருப்பதைத்தானே சொன்னோம்" என்பீர்கள். பெயரைச் சொல்லுங்கள், தாராளமாக. அதே எழுத்துகளை ஜப்பானியர் கியோதோ என்றும், கொரியர் ஹ்யுங்னோ என்றும், வியட்நாமியர் ஹுங் நோ என்றும் வாசிக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எழுத்தின் பொருளை ஒரு மக்களின் குணமாக்குவதுதான் பொறுக்கவில்லை. "ஹூணர்களும் இவர்களும் ஒன்றா?" என்று கேட்பவர்களுக்கு: அந்த வழக்கு தீரவில்லை, இங்கே அது பேச்சும் இல்லை.

சியோலில் வேலை பார்த்தபோது எங்கள் குழுவில் ஒரு மங்கோலியர் இருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யாரோ இதே அர்த்தத்தைச் சிரித்துக்கொண்டே விளக்கினார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "நாங்கள் ஹுன்னு என்போம்" என்று மட்டும் சொன்னார். அன்று அப்புறம் அவர் சாப்பிடவே இல்லை. ஹுன்னுதான் மூல உச்சரிப்பு என்று நான் வாதாட வரவில்லை. அதில் அடிமை இல்லை, அவ்வளவுதான். கி.மு. 209-ல் சியோங்நு தலைவர் மோது அமைத்த அரசைத் தங்கள் முதல் அரசாக எண்ணி, 2011-ல் 2220-ஆம் ஆண்டு விழா எடுத்த நாடு மங்கோலியா.

சியோங்நு மக்கள் தங்கள் கதையை எழுதிவைத்த ஏடு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. பதில் சொல்ல அவர்கள் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே இத்தனை பேச்சு? காணொளி போட்டவர் அந்தப் பின்னூட்டத்தை மேலே பொருத்தி வைத்திருக்கிறார். முதலில் அதை எடுங்கள், பிறகு பேசுவோம்.