என்னிடம் ஒன்றுமே கேட்காத படிப்பு

போன வியாழக்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு விண்ணப்பத்தை அனுப்பி முடித்தேன். கோத்தகிரியில் இரண்டு நாளாகப் பேய்க்காற்று. கற்பூர மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்து கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசிப் பக்கம் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் கிராஜுவேட் சர்டிபிகேட். டேட்டா சயின்ஸ் என்றால் தரவுகளைக் கணக்காலும் கம்ப்யூட்டராலும் ஆராயும் படிப்பு. மொத்தம் நான்கு பாடம். இடம் கிடைக்குமா என்று தெரிய ஆறு வாரம் ஆகும்.

கிடைத்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்று பேர், ஒருவர் குன்னூர், இரண்டு பேர் கூடலூர், ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். "அக்கா, டேட்டா சயின்ஸ் படிப்புன்னு ஒரு கம்பெனியிலிருந்து போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. இன்னைக்கே சேர்ந்தா பாதி பீஸ்தானாம். சேரலாமா?"

சேராதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2022-ல் எனக்கும் அப்படி ஒரு போன் வந்தது. பேசிய பெண் மிகவும் அன்பாகப் பேசினார். 'கவுன்சிலர்' என்று சொல்லிக்கொண்டார். என்ன படித்தேன் என்று கேட்டார், பி.எஸ்சி. கணிதம் என்றேன், "சூப்பர்" என்றார். அதற்கு மேல் படிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அடுத்து கேட்டதெல்லாம் சம்பளம், பான் எண், ஆதார், வங்கிக் கணக்கு. அரை மணி நேரத்தில் நான் 'தேர்வு' பெற்றுவிட்டேன். 96,000 ரூபாய், வட்டியில்லாத் தவணை என்றார்கள். அது ஒரு கடன் என்பதும், கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம் என்பதும் முதல் தவணை பிடித்தபோதுதான் புரிந்தது. வீடியோக்கள் வந்தன. மூன்றாவது வாரத்திலேயே ரிக்ரெஷன், அதாவது ஒரு எண்ணை வைத்து இன்னொரு எண்ணைக் கணிக்கும் முறை, நடத்தினார்கள். அதில் மேட்ரிக்ஸுக்கு ஏன் நேர்மாறு காண்கிறோம் என்று கேட்டால், "அது தானாகவே நடக்கும், நீங்கள் இந்த வரியை ஓட்டுங்கள்" என்று பதில் வந்தது. நான்கு மாதத்தில் விட்டுவிட்டேன். கடன் என்னை விடவில்லை. தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் கெடும், நாளைக்கு ஒரு வீட்டுக் கடன்கூடக் கிடைக்காது என்பதால் கடைசி ரூபாய் வரை கட்டினேன். தேயிலை பேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிற சம்பளத்தில் அந்தப் பணம் எவ்வளவு பெரியது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்குப் பிறகு எந்தப் படிப்பைப் பார்த்தாலும் முதலில் விண்ணப்பப் படிவத்தைத்தான் பார்க்கிறேன். சேர்வதற்கு முன் அது என்னிடம் என்ன கேட்கிறது? பணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் அங்கே பணம்தான் பேச்சு. உனக்கு என்ன கணக்கு தெரியும், யாரிடம் படித்தாய், எதைத் தெரிந்துகொள்ள வருகிறாய் என்று கேட்டால் உள்ளே பாடம் நடத்த யாரோ இருக்கிறார்கள். இதை நான் முழுசாக நம்புகிறேன். 

இந்தச் சான்றிதழ் என்றால் என்ன என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் கிராஜுவேட் என்றால் டிகிரி முடித்தவர். அமெரிக்காவில் கிராஜுவேட் படிப்பு என்றால் டிகிரிக்கு மேலே உள்ள, முதுநிலைப் பாடம். அங்கே எம்.எஸ். மாணவர்கள் படிக்கும் பாடங்களிலேயே நான்கைந்தை மட்டும் எடுத்துப் படித்தால் இந்தச் சான்றிதழ். பெரும்பாலும் 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), கொஞ்சம் கூடலாம். பல இடங்களில், பின்னால் எம்.எஸ். சேர்ந்தால் இந்த கிரெடிட்டைக் கழித்துக்கொள்கிறார்கள். ஆனால் இது எம்.எஸ்சி. ஆகாது. முதுநிலைப் பட்டம் கேட்கும் அரசு வேலைக்கு இதைக் காட்ட முடியாது. முழுக்க ஆன்லைனில் நடப்பதால் மாணவர் விசாவும் கிடையாது. "அமெரிக்கா போறியாமே" என்று கேட்கும் சித்திமார்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். செலவும் குறைவில்லை, நம் பணத்தில் பல லட்சம். நான் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு பாடம் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் பணம் கட்டலாம், வேலையை விட வேண்டாம். அதனால்தான் துணிந்தேன். ஒரு பாடத்துக்கு உரிய பணம் சேர இரண்டு வருடம் ஆனது.

படிவத்தின் முதல் பக்கத்திலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் நிரல் மொழி: ஒவ்வொன்றையும் எந்த வருடம், எந்தக் கல்லூரியில் படித்தாய், மதிப்பெண் என்ன? ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் முதல் இரண்டும் நன்றாகவே படித்தேன். நிகழ்தகவு பாதிதான். நிரல் எழுதியதே இல்லை. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு அனுப்ப மனம் வரவில்லை.

அப்படித்தான் என்பிடெல் பக்கம் போனேன். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-லிருந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம் அது. பாடம் முழுக்க இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும், நான் எழுதியபோது ஒரு தேர்வுக்கு 1000 ரூபாய். வாராவாரம் தரும் கணக்குகளுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. வீட்டில் உட்கார்ந்து கிளிக் செய்து வாங்கிவிட முடியாது. எனக்குக் கோவையில் மையம் விழுந்தது. இருட்டோடு எழுந்து, கரடி வரும் நேரம் என்பதால் தம்பி டார்ச் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான். முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை. மத்தியானத் தேர்வு, மூன்று மணி நேரம். திரும்பி வீடு வர ராத்திரி பத்து. இப்படி இரண்டு தடவை போனேன், ஒரு தடவை பைத்தான் என்ற நிரல் மொழிக்கு, ஒரு தடவை நிகழ்தகவுக்கு. நிகழ்தகவில் 71. அந்த 96,000 ரூபாய் படிப்பில் கிடைக்காதது அந்த 1000 ரூபாயில் கிடைத்தது என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

மதிப்பெண் பட்டியலை அவர்கள் முறைக்கு மாற்றி மதிப்பிட்டு வாங்குவது, ஆங்கிலத் தேர்வு, பரிந்துரைக் கடிதம் இரண்டு, இதெல்லாம் அலைச்சல்தான், ஆனால் கஷ்டமில்லை. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், அவ்வளவுதான்.

கஷ்டம் என்றால் நோக்கக் கட்டுரைதான். ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். முதலில் எல்லோரும் எழுதுவதைத்தான் நானும் எழுதினேன். சிறு வயதிலிருந்தே எண்கள் மீது ஆர்வம், இது தரவுகளின் காலம், அந்த மாதிரி. பரிந்துரைக் கடிதம் தரச் சம்மதித்த என் கல்லூரி மேடத்துக்கு அனுப்பினேன். மறுநாள் போன் செய்து, "இது யாரோட கதைம்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் அம்மாவின் நோட்டுகள் நினைவுக்கு வந்தன.

இலங்கையின் மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் இரு நாடுகளும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா 1998 முதல் 2017 வரை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தார். ஒரு மாதச் சம்பளத்தில் அவர் எடுத்ததாக நினைத்ததைவிட 11 கிலோ குறைவாக இருந்திருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்தது. நானும் தம்பியும் பள்ளி நோட்டில் எழுதாமல் விட்ட தாள்களைப் பிரித்துத் தைத்து, தினமும் சாயந்தரம் மூன்று கட்டம் எழுதுவார். தேதி, கிலோ, பேர். பேர் என்ற கட்டத்தில் 'மு' என்றால் முழுப்பேர், 'அ' என்றால் அரைப்பேர். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மழையாலோ எதனாலோ நடுவில் வேலை நின்றால் அரை நாள் சம்பளம்தான். மொத்தம் 17 நோட்டு. மழையில் நனைந்து மை ஊறிய பக்கங்கள், தேயிலைக் கறை படிந்த ஓரங்கள்.

வேலை முடிந்து வந்து நான்கு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சராசரி பார்த்தேன், ஒரு நாளைக்கு 18 கிலோ. அம்மாவிடம் காட்டினேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் இருபத்தஞ்சுக்குக் குறைஞ்சு எடுத்த ஆளே இல்லையே" என்றார். குரலில் கோபமில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது.

தப்பு என்னுடையது. எழுதாத நாட்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருந்தேன். அரைப்பேர் நாட்களை முழு நாளாக எண்ணியிருந்தேன். நோட்டை மறுபடி எடுத்து, வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் அம்மாவையே பக்கத்தில் உட்கார வைத்துக் காரணம் கேட்டேன். ஞாயிறு. ஜனவரியில் உறைபனி பட்டுச் செடி கருகிய நாட்கள். 2009 நவம்பரில் ஒரு வாரம், அதில் மட்டும் 'மண் சரிவு' என்று எழுதியிருந்தது. நீலகிரியில் 40 பேருக்கு மேல் செத்துப்போன அந்த மழை. அப்புறம் 2011-ல் வரிசையாக 23 நாள், ஒரு குறிப்பும் இல்லை. அம்மா யோசிக்கவே இல்லை. "உனக்கு மஞ்சக் காமாலை வந்துச்சே" என்றார். அந்த 23 கட்டத்திலும் நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

திருத்திப் பார்த்தால் முழுப்பேர் நாளின் சராசரி 26 கிலோ வந்தது. அம்மா சொன்னதுதான் சரி.

புள்ளியியலில் இதை விடுபட்ட தரவு என்கிறார்கள். ஒரு எண் இல்லை என்றால், அது ஏன் இல்லை என்பதைப் பொறுத்தே மேற்கொண்டு என்ன செய்யலாம் என்பது இருக்கிறது. டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976-லேயே இதைக் கணக்காக எழுதி வைத்துவிட்டார். அவர் கட்டுரையை எனக்குப் பாதிதான் புரிந்துகொள்ள முடிகிறது. மீதியைப் புரிந்துகொள்ளத்தான் படிக்க வேண்டும் என்று என் நோக்கக் கட்டுரையில் எழுதினேன். கூடவே ஒரு கேள்வியும் வைத்தேன்: மத்தியான மழை ஒன்று கொழுந்து எடுக்கும் பெண்ணின் மாதச் சம்பளத்தில் எவ்வளவு தின்கிறது? வானிலைத் துறையின் மழைத் தரவு 1901-லிருந்து நாள்வாரியாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் ஒரு கட்டம் சுமார் 25 கிலோமீட்டர். நம் மலையில் 25 கிலோமீட்டருக்குள் வானமே வேறு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மலையின் கிழக்குப் பக்கத்தில் அப்படி இல்லை. அந்த இடைவெளியை அம்மாவின் 'அ' கட்டங்களை வைத்து நிரப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும்.

மேடம் இரண்டாவது கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு கமாவை மட்டும் திருத்தினார்.

மலையில் தரவு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் வாங்கும் அனுமதி. 2025 சீசனுக்கு, ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் எண்ணே சொன்னது. இந்த மலைகள் எத்தனை வண்டி தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. நல்லவர்கள், படித்தவர்கள், வரட்டும். ஆனால் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் உள்ள பர்லியாறில் எத்தனை மணிக்கு வண்டி நெருக்கும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் எந்த வளைவில் சிக்கும் என்று தெரிந்த மலைக்காரப் பிள்ளை ஒருத்தியும் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. பேராசைதான், இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. சான்றிதழ் கையில் வந்ததும் வேலை கூப்பிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அந்த நம்பிக்கையில் போகவில்லை. நேரக் கணக்கையும் முதலிலேயே பாருங்கள். அங்கே கிழக்குக் கரையில் சாயந்தரம் ஏழு மணி வகுப்பு என்றால் நமக்கு அதிகாலை நாலரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் ஐந்தரை ஆகிவிடும். ஜனவரிக் குளிரில் அதிகாலையில் விரல் விறைத்துப்போய் கீபோர்டைத் தொட முடியுமா என்று இரண்டு வாரம் அந்த நேரத்துக்கு எழுந்து படித்துப் பார்த்தேன். முடிகிறது, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால்.

டிகிரியில் கணக்கு படிக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். சென்னை ஐஐடி 2020-ல் ஆரம்பித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. அவர்கள் முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள், பிறகு அந்தப் பாடத்திலேயே தேர்வு வைக்கிறார்கள், தேறினால் இடம். முக்கியத் தேர்வுகள் எல்லாம் நேரில்தான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. முதல் கட்டத்தில் இருப்பது கணிதம், புள்ளியியல், பைத்தான், ஆங்கிலம் போன்ற அடிப்படைப் பாடங்கள்தான். அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன் என்றால் அதற்கும் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். இன்பாக்ஸில் வந்த கூடலூர்த் தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். அவன் பி.காம்.

போன் வந்தால், "சேர்க்கைத் தேர்வு என்ன? கிரெடிட் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது? நடுவில் விட்டால் கடன் யாருடையது?" என்று கேட்டுவிட்டு, பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு அதற்கு அப்புறம் வந்த ஐந்து போன்களில் ஒருவர்கூட மெயில் அனுப்பவில்லை.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது இந்த வருடம் விண்ணப்பிப்பதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எங்கள் வீட்டில் உட்காரலாம். நிகழ்தகவு முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவோம். லேப்டாப் தேவையில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். டீ அம்மா போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.