பெருசாப் போடுங்க, பெருசாப் போடுங்க!

ஆம்பிளிஃபையரில் 'ம்ம்ம்' என்று லேசான முனகல். அதை நாலு பேரிடம் வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. நாலு பேரும் சொல்லிவைத்த மாதிரி, "பவர் சப்ளை கெப்பாசிட்டர் போயிருக்கும். மாத்துறதே மாத்துறீங்க, பெருசாப் போடுங்க, பேஸ் சும்மா அதிரும்" என்றார்கள். (கரண்டைச் சேமித்துவைத்து, ஏற்ற இறக்கத்தைக் குறைத்து ஆம்புக்குக் கொடுக்கும் டப்பாதான் இந்தக் கெப்பாசிட்டர்.) "இன்புட் கேபிளைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை.

மூடியைத் திறந்தேன். கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் 10,000 மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு), 63 வோல்ட், மொத்தம் நாலு. அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. போட்டோவைப் பார்த்த ஒருத்தர், "லீக் ஆயிடுச்சு பாருங்க!" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அது லீக் இல்லை ஐயா, கெப்பாசிட்டர் ஆடாமலிருக்க கம்பெனியில் வைத்த பசை! வருஷக்கணக்கில் சூடு பட்டுக் கருத்திருக்கிறது. (முற்றிப்போன பசை பக்கத்துக் கம்பிகளை அரிக்கும், சுரண்டி எடுப்பது நல்லதுதான். அது வேறு கதை.)

நானும் மதிமயங்கி 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நாலு வாங்கினேன். விட்டம் 35 மில்லிமீட்டர், கால் இடைவெளி 10, அச்சாகப் பொருந்தியது. உயரத்தை மட்டும் பார்க்கவில்லை. பழையது 40, புதியது 50. இன்றுவரை மூடி மூடவில்லை!

பழசைக் கழற்றிய கொடுமையைச் சொல்லியே ஆக வேண்டும். 50 வோல்ட்டில் நிற்கும் கெப்பாசிட்டரை "ஸ்க்ரூடிரைவரை வெச்சு ஷார்ட் பண்ணிடுங்க" என்றார் ஒரு மேதை. ரெசிஸ்டர் வைத்து மெதுவாக இறக்காமல் அப்படிச் செய்தால் முனை உருகிப் பொறி பறக்கும். சரி, அதில் தப்பித்தேன். ஈயத்தில் மாட்டினேன். கிரவுண்ட் கால் போர்டின் அகலமான செம்புத் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. சால்டரிங் அயனை வைத்தால் சூட்டையெல்லாம் அந்தத் தகடே குடிக்கிறது. ஒரு கால் இளகும், மறு கால் இறுகும். ஆட்டி ஆட்டி இழுத்ததில் கடைசிக் கெப்பாசிட்டர் செம்பு வளையத்தையும் பிய்த்துக்கொண்டு கையோடு வந்தது. நகத்தைப் பிய்த்த மாதிரி இருந்தது எனக்கு. இப்போது அங்கே ஒரு ஒட்டுக்கம்பி தொங்குகிறது.

ஸ்விட்சைப் போட்டேன். டப்! ஃப்யூஸ் போச்சு. காலியான கெப்பாசிட்டர் முதல் நொடியில் ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான் கரண்டை இழுக்கும். முன்பு மொத்தம் 40,000, இப்போது 88,000. மெதுவாக ஏற்றிவிடும் சாஃப்ட் ஸ்டார்ட்டும் என் ஆம்பில் கிடையாது. பெருசாப் போடச் சொன்ன ஒரு வாயாவது இதைச் சொன்னதா?

அந்த 'அதிரும் பேஸ்' கணக்கையும் பார்ப்போம். 4 ஆம்பியர் இழுக்கும்போது 10,000-இல் வோல்ட்டேஜ் சுமார் 4 வோல்ட் ஏறி இறங்கும், 22,000-இல் 2-க்கும் கீழே. ஆம்பை முழுசாக முறுக்குகிறவனுக்கு அது உதவலாம். என் வால்யூம் குமிழ் கால்வாசியைத் தாண்டியதே இல்லை!

ஒட்டுப்போட்டு, ஃப்யூஸ் மாற்றி, பயந்து பயந்து மறுபடி போட்டேன். அதே 'ம்ம்ம்'. வெறுத்துப்போய் இன்புட் கேபிளைப் பிடுங்கினேன். மயான அமைதி. கம்ப்யூட்டர் ஒரு ப்ளக்கில், ஆம்ப் இன்னொரு ப்ளக்கில், நடுவே கேபிள் வழியாக கிரவுண்ட் லூப், அதாவது இரண்டின் எர்த்தும் கேபிளும் சேர்ந்து ஒரு வளையமாகி முனகலை உள்ளே விடுகின்றன. காது கொடுத்துக் கேட்டிருந்தாலே பிடித்திருக்கலாம்: லூப் 50 ஹெர்ட்ஸில் முனகும், பவர் சப்ளை கெப்பாசிட்டர் கெட்டால் வருவது 100. இரண்டையும் ஒரே ப்ளக்குக்கு மாற்றினேன். முனகல் போயே போச்சு.

கழற்றிய நாலையும் மீட்டரில் அளந்தேன். ஒன்றுகூட 9,600-க்குக் கீழே இல்லை.