மாயா நாள்காட்டி பொய்க்கவில்லை

நேற்றைய உரையைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "உலகம் அழியும் என்று எழுதிவைத்துவிட்டுத் தாங்களே அழிந்துபோன மாயர்கள்" என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் என்னை இரவு முழுவதும் உறங்கவிடவில்லை.

மத்திய அமெரிக்காவின் தொல்குடிகளான மாயர்கள் உலகம் அழியும் என்று எழுதவில்லை. கி.மு. 3114இல் தொடங்கும் அவர்களுடைய நீள்கணக்கு என்ற நாள்காட்டியில், 1,44,000 நாள் கொண்ட பக்தூன்கள் பதின்மூன்று நிறைவுற்ற நாள் 2012 டிசம்பர் 21. அன்று உலகம் முடியும் என்று புரளி கிளம்பியது; முடிந்ததோ ஒரு சுற்று மட்டுமே. நம் அறுபது ஆண்டுச் சுற்றில் 1987இல் அட்சய முடிந்து பிரபவ பிறந்தபோது உலகம் முடிந்ததென்று யாரும் அஞ்சவில்லை. மாயர் நகரான பலெங்கேயின் கல்வெட்டு, அந்நகரை ஆண்ட பகால் மன்னன் முடிசூடிய நாளின் நினைவைக் கி.பி. 4772 வரை கணக்கிட்டுச் சொல்கிறது. 2012இல் எல்லாம் முடியும் என்று நம்பியவர்கள் எதற்காக அவ்வளவு தொலைவு எண்ண வேண்டும்?

2012 டிசம்பர் 20 இரவு, நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், "நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குமா அப்பா?" என்று கேட்டுவிட்டு, என் கையை விடாமலே உறங்கினாள். தொலைக்காட்சியில் கேட்ட பொய்க்காகக் குழந்தை அழுதாள். பழியோ மாயர்கள் மேல் விழுந்தது. இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது.

"அது வெறும் சோதிடம்தானே" என்பீர்கள். சோதிடமும் இருந்தது, மறுக்கவில்லை. வெள்ளிக் கோளின் எழுச்சியைப் பார்த்துச் சகுனம் கணித்தார்கள். ஆனால் அந்தச் சகுனத்துக்கு அடியில் இருந்த கணக்கைப் பாருங்கள். வெள்ளி மீண்டும் விடிவெள்ளியாகத் தோன்றும் சுற்றை 584 நாளாகக் கொண்டு, ஐந்து சுற்றுகள் 365 நாள் ஆண்டுகள் எட்டுக்குச் சமம் என்று கண்டு, உண்மைச் சராசரி 583.92 என்பதால் சேரும் பிழையைத் திருத்தவும் இன்று ஜெர்மனியில் உள்ள திரெஸ்டன் சுவடி என்ற மாயா நூலில் வழி வைத்திருக்கிறார்கள். அதே சுவடியின் கிரகண அட்டவணை 405 நிலவு மாதங்களை 11,960 நாளில் அடக்குகிறது. தொலைநோக்கி இல்லாமல், தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்தவர்களின் உழைப்பு அது.

"நரபலி கொடுத்தவர்களுக்காகவா வாதாடுகிறீர்கள்?" என்று ஒருவர் எழுதுவார். கொடுத்தார்கள்தான், அதனால் அவர்களுடைய கணக்கு தவறாகிவிடாது.

அழிந்துபோனார்கள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1562இல் மெக்சிகோவின் யுகடான் பகுதியிலுள்ள மானி ஊரில் அவர்களுடைய சுவடிகளைத் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் தீயிட்டார். அம்மக்கள் எவ்வளவு வருந்தினார்கள் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். இன்று எஞ்சியிருப்பவை நான்கே சுவடிகள். எரித்தவரை விட்டுவிட்டு, எரிக்கப்பட்டவர்களைப் பார்த்து எப்படிக் கைதட்ட முடிந்தது? பல இலட்சம் பேர் இன்றும் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். குவாத்தமாலாவின் மலையூரான மொமோஸ்தெனாங்கோவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் கொண்ட 260 நாள் கணக்கை எண்ணிச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரங்கம் கைதட்டிய அந்த நாளுக்கும் அவர்களுடைய எண்ணிக்கையில் ஒரு பெயர் இருந்தது.