ஏமி வைன்ஹவுஸை அழுதுகொண்டே கேட்க வேண்டாம்

பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பேச்சு எங்கே வந்தாலும் இரண்டே நிமிடத்தில் குடி, போதை, 27 வயதில் சாவு என்று போய் நிற்கிறது. அவருடைய இரண்டாவது ஆல்பமான 'பேக் டு பிளாக்'கைக்கூட மரண வாக்குமூலம் மாதிரிதான் பலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. அந்த ஆல்பம் வந்தது 2006 அக்டோபரில். ஏமி இறந்தது 2011 ஜூலையில். நடுவே கிட்டத்தட்ட ஐந்து வருடங்கள். தன் தொழிலை நன்றாகத் தெரிந்த ஒரு பாடலாசிரியர் 23 வயதுக்குள் செய்த வேலை அது. முதலில் அந்த வேலையைப் பாருங்கள் என்கிறேன்.

முதல் ஆல்பம் 'ஃபிராங்க்' ஜாஸ் பக்கம் சாய்ந்தது. 'பேக் டு பிளாக்'கில் 60களின் பெண்கள் குழுப் பாட்டுகளையும், சோல் என்கிற பழைய அமெரிக்கக் கறுப்பின இசையையும் கையில் எடுத்தார். தயாரிப்பாளர்கள் மார்க் ரான்சன், சலாம் ரெமி. ரான்சன் செய்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசித்தவர்கள் புரூக்ளினின் டாப்-கிங்ஸ் குழு. அந்த டிரம்ஸிலும் பித்தளை வாத்தியங்களிலும் மனிதக் கை தெரியும்.

'ரீஹாப்' எல்லோருக்கும் தெரியும், பார்ட்டிகளில் கூட்டமாகக் கத்துகிற பாட்டு. நியூயார்க்கில் ரான்சனோடு நடந்துபோகும்போது, தன்னைக் குடியை விடும் சிகிச்சைக்கு அனுப்பப் பார்த்த கதையை ஏமி போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். இதையே பாட்டாக்கு என்றார் ரான்சன். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் வந்தது.

எனக்கு இதைவிடப் பெரிது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான 'பேக் டு பிளாக்'தான். அதன் பல்லவியில் இரண்டு வரிகளுக்கு ரைம் சேராது. ரான்சன் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எனக்கு அப்படித்தான் வந்தது என்று ஏமி மாற்றவே இல்லை. அடுத்த முறை அந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். காது ஒரு ஓசையை எதிர்பார்க்கிறது, அது வருவதில்லை, அங்கேதான் நெஞ்சில் குத்துகிறது. எந்த இடத்தில் இலக்கணத்தை விட்டுவிடலாம் என்று தெரிந்திருப்பதுதான் எழுத்துத் திறமை.

'டியர்ஸ் டிரை ஆன் தெயர் ஓன்' இன்னொரு பாடம். முதலில் அது மெதுவான சோகப் பாட்டு. அந்த வடிவம் அவர் இறந்தபின் வந்த தொகுப்பில் இருக்கிறது. சலாம் ரெமி அதை, மார்வின் கேயும் டாமி டெரலும் 1967இல் பாடிய துள்ளலான காதல் பாட்டின் இசைமேல் உட்கார வைத்தார். வரிகளில் பிரிவு, தாளத்தில் கொண்டாட்டம். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், அழுதுகொண்டே பாடுவதைவிட நிமிர்ந்து நடந்தபடி பாடுவது எவ்வளவு வலிக்கிறது என்று புரியும். 'யூ நோ ஐ'ம் நோ குட்' பாட்டில் தன் துரோகத்தைத் தானே சாட்சி சொல்வதுபோலச் சின்னச் சின்ன விவரங்களோடு அடுக்குவதும் அதே கைதான்.

செத்ததால்தான் இவ்வளவு புகழ் என்பவர்களுக்கு ஒன்று. 2008 பிப்ரவரியிலேயே ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கிவிட்டார். விசா சிக்கலால் லண்டனிலிருந்தபடியே பாடினார். அதே வருடம் 'லவ் இஸ் எ லூசிங் கேம்' பாட்டுக்கு ஐவர் நோவெல்லோ விருது. மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு, ஒரு சொல் கூடுதலாக இல்லை. பாட்டு எழுதுகிறவர்களுக்குத் தருகிற விருது அது.

அவர் இறந்த நாளான ஜூலை 23 வந்தால் அவருடைய கடைசி நாட்களின் தள்ளாடும் படங்களைத் தயவுசெய்து போடாதீர்கள். இந்த ஐந்து பாட்டில் ஒன்றின் சுட்டியைப் போடுங்கள்.